நான்கு விரல் கரை

அந்தக் காலத்தில், நண்டும் நாரையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நத்தைக்கு முதுகில் ஓடு கிடையாது. பிறந்த குழந்தையின் நாக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது அது. ஈரமாக, வழவழப்பாக, தொட்டால் சுருங்கிக்கொள்வதாக.

ஏன் அப்படி என்றால், வீடு கொடுத்த நாளில் நத்தை நேரத்துக்கு வந்து சேரவில்லை. முதல் மழை இறங்கிக் கண்மாய் நிறைந்த அன்று, மழையே கரையில் நின்று எல்லா உயிருக்கும் வீடு கொடுத்தது. நண்டுக்கு வளை. தூக்கணாங்குருவிக்குத் தொங்குகிற கூடு. ஆமைக்கு முதுகில் கவிழ்த்த சட்டி. விரால் மீனுக்கு அடிச்சேறு. அவரவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நத்தை ஊர்ந்து ஊர்ந்து கரைக்கு வந்தபோது மழை ஓய்ந்து, கடைசித் தூறல்தான் மிச்சம் இருந்தது.

“எனக்கு?” என்று கேட்டது நத்தை.

“நீ மெல்ல வந்தாய். உன் வீடும் உன்னிடம் மெல்லத்தான் வரும்” என்றது தூறல்.

எப்போது, எந்த வழியாக என்று கேட்பதற்குள் தூறல் நின்றுவிட்டது.

அந்தக் கண்மாயின் வடகரையில் காளவாய்க்காரர்கள் குடியிருந்தார்கள். மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல்லை வண்டியில் கொண்டுவந்து, காளவாயில் அடுக்கி, கரி போட்டு வேகவைத்துச் சுண்ணாம்பாக்குகிறவர்கள். அவர்கள் வீட்டுச் சுவர் வெள்ளை, வேலி வெள்ளை, வாசலில் படுத்திருக்கிற நாய்கூட வெள்ளை. அந்தக் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் வெள்ளத்தாயி. கைப்பிள்ளைக்காரி. தலைப்பிள்ளை அவளுக்கு, அதற்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை.

வெள்ளத்தாயிக்கு ஒரு பயம் இருந்தது. பிள்ளை தூங்கினால் அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். காற்று வருகிறதா? வருகிறது. கையை எடுப்பாள். எடுத்த கை மடிக்கு வந்து சேர்வதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் கண் நிறையத் தூங்கியதில்லை.

“ஏ புள்ள, மூச்சு அது பாட்டுக்கு வரும். நீ கயிறு போட்டு இழுத்தா வருது?” என்று சிரிப்பான் அவள் புருஷன் முத்துக்காளை.

அவனுடைய தங்கை பிச்சம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் சிரிக்காமலே சொல்வாள்: “மதினி, இந்த ஊர்ல பிள்ளை பெத்தது நீ ஒருத்திதான்.”

அந்த வருஷம் மழை தவறியது. கண்மாய் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு குட்டையாக நின்றது. பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்த வெள்ளத்தாயியின் காலடியில், வெடித்த சேற்றின் ஓரத்தில், ஒரு குரல் கேட்டது.

“தாயி.”

அவள் குனிந்து பார்த்தாள். சேற்று நிறத்தில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. தலையில் இரண்டு கொம்பு, நூல் மாதிரி.

“தாயி, இந்தத் தண்ணி நாளைக்கு இருக்காது. உன் வீட்டுல தண்ணி இருக்குமா?”

“கல்தொட்டி நிறைய இருக்கு. நீ யாரு?”

“வீடு வாங்க மெல்ல வந்தவ.”

“பிள்ளைகுட்டி இருக்கா?” பெண்கள் பார்த்தவுடன் கேட்கிற கேள்விதான். ஆனால் கேட்டதும் நத்தை கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஒவ்வொரு மழைக்கும் முட்டை இட்டேன். விரால் தின்னுச்சு. கெண்டை தின்னுச்சு. ஒரு தடவை ஆமையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு மேயப் போனேன். திரும்பி வந்தா ஆமை வாயைத் துடைச்சுக்கிட்டு, ‘தண்ணிக்குள்ள கிடக்கிறதெல்லாம் பொதுச்சொத்து தாயி’ன்னுச்சு.”

வெள்ளத்தாயி பிள்ளையின் ஈரத்துணி ஒன்றை நாலாக மடித்து, அதில் நத்தையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

“கண்மாய்க்குப் போனவ மீன் கொண்டாருவான்னு பார்த்தா, மூக்குச்சளி மாதிரி ஒண்ணைக் கொண்டாந்திருக்கியே மதினி” என்றாள் பிச்சம்மா.

“நல்லா இருக்கீகளா மதினி?” என்றது நத்தை, துணிக்குள்ளிருந்து.

பிச்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முற்றத்தில் முருங்கை மரத்தடியில் இருந்தது அந்தக் கல்தொட்டி. ஒரே கல்லில் குடைந்தது. விளிம்பு மட்டும் ஒரு கை அகலம் இருக்கும். நத்தை அதில் குடியேறியது. முதல் வேலையாகத் தொட்டிச் சுவரில் படிந்திருந்த பாசியை நாக்கால் அராவ ஆரம்பித்தது. அராவிய இடம் பளிச்சென்று கல்லாகத் தெரிந்தது. தண்ணீர் தெளிந்தது. தொட்டியின் அடியில் கிடந்த மணலை எண்ணிவிடலாம் போல.

வெள்ளத்தாயியும் நத்தை வளர்க்கக் கற்றுக்கொண்டாள். முருங்கைக்கீரையை வெந்நீரில் ஒரு முறை வாட்டிப் போட்டால் விரும்பித் தின்றது. வெள்ளரித் தோல் போட்டால் மறுநாள் அதில் சல்லடைக்கண்ணாய் ஓட்டை இருந்தது. மிச்சத்தை எடுத்துவிடாமல் விட்டால் தண்ணீர் கெட்டது. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டி மாற்றினால் நத்தை சுருண்டுபோனது. பாதியை மொண்டு முருங்கைக்கு ஊற்றி, பாதிக்குப் புதுத் தண்ணீர் விட்டால் கொம்பை நீட்டி நடந்தது. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தொட்டியருகே உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. தண்ணீரில் அந்த உடம்பு போகிற போக்கைப் பார்ப்பாள். கால் இல்லை, துடுப்பு இல்லை. உடம்பு முழுக்க ஓர் அலை ஓடும். அந்த அலை ஓடி முடிந்ததும் நத்தை வேறோர் இடத்தில் இருக்கும்.

ஒரு நாள் நத்தை கேட்டது: “தாயி, தொட்டியில மேலே நாலு விரல் தண்ணியில்லாம விடுவியா?”

“எதுக்கு?”

“எனக்கு ஒரு கரை வேணும். தண்ணிக்குள்ள வச்சதெல்லாம் போச்சு. இந்தத் தடவை தண்ணி எட்டாத இடத்துல வைக்கப் போறேன்.”

“வெளியில உனக்கு மூச்சு வராதே.”

“வராது. உனக்குத் தண்ணிக்குள்ள எப்படியோ, எனக்கு வெளியில அப்படி. இருந்தாலும் ஏறுவேன்.”

வெள்ளத்தாயி தன் கையைப் படுக்கை வசமாகச் சுவரில் வைத்து அளந்தாள். நான்கு விரல். அதுவரைக்கும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். “இதுக்கு மேல ஒரு சொட்டு ஏறாது. நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னாள்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் நத்தை ஏறியது. தண்ணீரை விட்டு உடம்பு வெளியே வந்ததுமே அதற்கு நடுக்கம் கண்டது. வழுக்கியது; மறுபடி பிடித்தது. நான்கு விரல் உயரம்தான், நமக்கு அது என்ன உயரம்! ஆனால் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருத்தி மலை ஏறுவது போல இருந்தது. விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்று, உடம்பின் மடிப்பிலிருந்து ஒரு முட்டையை இட்டது. கடுகு அளவு. வெளிர் ரோஜா நிறம், பிள்ளையின் உள்ளங்காலைப் போல. அதை ஒட்டி இன்னொன்று. அதன் மேல் ஒன்று. ஒன்றைக்கூட உருளவிடவில்லை. கொத்து முழுவதும் சேர்ந்த பிறகு, பிடி விட்டுப்போய் அப்படியே பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. நெடுநேரம் அடியில் அசையாமல் கிடந்தது.

பிள்ளை பெற்ற அன்று தன்னை யாராவது இப்படிப் பார்த்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று வெள்ளத்தாயிக்குத் தோன்றியது. அவளை அறியாமலே இரண்டு கையும் கூப்பிக்கொண்டன.

கொத்து காற்றில் இறுகி வெளுத்தது. இனி அது தண்ணீரில் முழுகினால் அழுகிவிடும். நத்தை கீழேயிருந்து கொம்பை நீட்டிக் கேட்கும்: “இருக்கா?”

“இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து: “இருக்கா தாயி?”

“இருக்கு, இருக்கு.” இந்தக் கேள்வி மட்டும் வெள்ளத்தாயிக்கு ஒரு முறைகூடச் சலிக்கவில்லை.

காளவாய் பிரிக்கிற நாள் வந்தது. காளவாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெந்த கல்லை வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு வெடித்துப் பொடியாகும். பொடி காற்றில் பறக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் அன்றைக்கு வீட்டில் உள்ள குடம், அண்டா, தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் விளிம்பு தளும்ப நிற்க வேண்டும். ஒன்றும் குறையாக இருக்கக் கூடாது. கண்ணுக்காக வந்த வழக்கம்தான். போகப் போகப் பாத்திரம் குறைந்தால் வீட்டில் உயிர் குறையும் என்று ஆகிவிட்டது.

அன்று காலையில் பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. வெள்ளத்தாயி விரலை மூக்கருகே வைத்தாள். காற்று வந்தது, சூடாக, குட்டி குட்டியாக, ஓடிக் களைத்தவன் மூச்சு மாதிரி வந்தது.

பிச்சம்மா ஓடி வந்தாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள்.

“மதினி! காளவாய் பிரிக்கிற அன்னிக்குத் தொட்டியைக் குறையா வச்சிருக்கியே!”

“அது... நான் சொல்லியிருக்கேன்...”

“யாருக்கு? அந்தப் பூச்சிக்கா? பிள்ளை பெருசா, பூச்சி பெருசா?”

வேறொரு நாளாக இருந்தால் வெள்ளத்தாயி பதில் சொல்லியிருப்பாள். அன்று அவளிடம் பயம் மட்டும்தான் இருந்தது. அது அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. பிள்ளையைப் பிச்சம்மா கையில் கொடுத்தாள். குடத்தைத் தூக்கினாள். தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊற்றினாள். தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒரு விரல். இரண்டு விரல்.

“தாயி? இருக்கா?” என்று அடியிலிருந்து கேட்டது.

அவள் இன்னொரு குடத்தையும் எடுத்து ஊற்றினாள். விளிம்பு தளும்பிப் பாதத்தில் வழிந்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே காளவாயைப் பிரித்தார்கள். கல் சீறியது, வெடித்தது. ஊர் முழுக்க வெள்ளையாய்த் தூசி பறந்தது. உள்ளே வெள்ளத்தாயி ஈரத்துணியைப் பிள்ளையின் நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்தாள். பிச்சம்மா துளசிச் சாற்றைத் துணியில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தாள். உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் பிள்ளைக்குச் சளி வாந்தியாக வந்தது. வந்ததும் ஓவென்று அழுதது. அழுது முடித்து மாரைத் தேடியது. உடம்பு வேர்த்துக் குளிர்ந்தது.

“சளி. வெறும் சளிதான் மதினி” என்று பிச்சம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்குப் போயி...”

வெறும் சளி. அப்படியென்றால் தொட்டி குறையாக இருந்ததற்கும் இதற்கும் ஒன்றுமே இல்லை. வெள்ளத்தாயிக்கு அப்போதுதான் அது உறைத்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

தொட்டி தளும்பி நின்றது. தண்ணீருக்குள் சுவரில் கொத்து இல்லை. அது ஒட்டியிருந்த இடத்தில் கல்லை அராவிய தடம் மட்டும் இருந்தது. அடியில் பார்த்தாள், நத்தையும் இல்லை. விளிம்பின் மேல், முழுக்கச் சுண்ணாம்புத் தூசி படிந்த அந்தக் கல்லின் மேல், உருண்டையாக ஒரு வெள்ளைக் கல் இருந்தது. காலையில் அங்கே அப்படி ஒரு கல் இல்லை.

குனிந்து பார்த்தாள். அந்தக் கல்லில் ஒரு வரி இருந்தது. உச்சியில் ஒரு புள்ளியில் தொடங்கி, சுற்றி, சுற்றி, பெரிதாகிக்கொண்டே கீழே இறங்குகிற ஒரே வரி.

அப்போது அவளுக்கு எல்லாம் புரிந்தது. தண்ணீர் ஏற ஏற, பாசி அராவுகிற அதே நாக்கால் நத்தை அந்தக் கொத்தைச் சுவரிலிருந்து பெயர்த்திருக்கிறது. உடம்பில் ஏந்திக்கொண்டு விளிம்புக்கு வந்திருக்கிறது. வெயிலும் அனலும் படாமல், கொத்தை நடுவில் வைத்துத் தன் உடம்பால் சுற்றியிருக்கிறது. வானத்திலிருந்து சுண்ணாம்பு கொட்டியிருக்கிறது. ஈர உடம்பில் சுண்ணாம்பு விழுந்தால் எப்படிச் சுடும் என்று காளவாய் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இரண்டடி தூரத்தில்கூட இல்லை, தொட்டபடியே இருந்தது. ஒரு முறை புரண்டால் உள்ளே விழுந்திருக்கலாம். விழவில்லை. ஒரு சுற்று இறுகியதும் அதன் மேல் இன்னொரு சுற்று சுற்றியிருக்கிறது. அதுவும் இறுகியதும் இன்னும் பெரிதாக ஒன்று. கடைசியில் தலையையும் உள்ளே இழுத்துக்கொள்ள, வாசலையும் சுண்ணாம்பு மூடியிருக்கிறது, கதவு போல.

வெள்ளத்தாயி பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, சிரட்டையை எடுத்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். கையை வைத்து அளந்தாள். நான்கு விரல். பிறகு அந்த வெள்ளைக் கல்லின் மேல் உள்ளங்கைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். “நான் ஊத்தினேன். நான்தான் ஊத்தினேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே விட்டாள்.

கல் அசையவில்லை.

வெயில் தாழ்ந்தது. முத்துக்காளை காளவாயிலிருந்து வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். வெள்ளத்தாயி தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். விரலை நீட்டி, அந்தக் கல்லின் வாசலருகே வைத்தாள். காற்று வருகிறதா?

இல்லை.

கையை எடுக்கவில்லை. மடியில் பிள்ளை பாலுக்குச் சிணுங்கியது. கொடுத்துக்கொண்டே விரலை அங்கேயே வைத்திருந்தாள்.

கதவு துளி விலகியது. உள்ளிருந்து ஒரு குழல் வந்தது. நூலை விடக் கொஞ்சம் தடிப்பு. இதற்கு முன் நத்தைக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. மூச்சுக்குத் தவித்த தவிப்பில், அந்த ஒரு பகலில், உடம்பே கிளைவிட்டு முளைத்த குழல் அது. அதன் நுனி அவள் விரலைத் தொட்டது. காற்று வந்தது.

முத்துக்காளை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஏன் அவிழ்த்தான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

நத்தை மெல்ல நகர்ந்தது. அதன் கீழே இருந்தது கொத்து, முழுசாக.

“இருக்கா?” என்று கேட்டது.

“இருக்கு” என்றாள் வெள்ளத்தாயி. பிறகு அடக்க முடியாமல் அழுதாள். “சொன்ன சொல்லை நான் காப்பாத்தலை. பயந்துட்டேன். என் பிள்ளை போயிருமோன்னு பயந்து உன் பிள்ளைகளை...”

“பயந்துதானே நானும் மேல ஏறினேன்” என்றாள் நத்தை.

அவள் குரலில் கோபம் இல்லை. புதுப் பாரத்தைத் தூக்கி ஒரு முறை அசைத்துப் பார்த்தாள்.

“மெல்ல வரும்னு மழை சொல்லுச்சு. இது அதுதான் போல. உங்க வீட்டுச் சுண்ணாம்பு. கரையும்போதெல்லாம் கொஞ்சம் கொடுக்கணும் தாயி.”

“கொடுப்பேன். என் பிள்ளையும் கொடுக்கும்.”

பொத்தென்று நத்தை தண்ணீருக்குள் போனாள். இப்போது அந்தச் சத்தம் கனமாக இருந்தது.

முட்டைகள் பொரிந்த நாளில் குடியிருப்பே தொட்டியைச் சுற்றி நின்றது. பிச்சம்மாதான் முதலில் பார்த்தாள். “மதினி, இங்க வந்து பாரேன்!” கொத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து, நான்கு விரல் சுவரில் இறங்கி, தண்ணீரில் விழுந்தன. கடுகு அளவு குஞ்சுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கடுகு அளவு ஓடு. உள்ளே ஒரு கதவு. எந்தக் காளவாயும் சுடாமல், யாரிடமும் கேட்டு வாங்காமல், தாய் ஒரு பகல் முழுக்க வெந்து கட்டிய வீட்டோடு பிறந்திருந்தன. பிச்சம்மா, “நல்லா இருக்கீகளா?” என்று தண்ணீருக்குள் குனிந்து மெல்லக் கேட்டாள்.

அன்றிரவு பிள்ளை தூங்கியதும் வெள்ளத்தாயி அதன் மூக்கருகே விரலை வைத்தாள். காற்று வந்தது. கையை எடுத்துத் தலைக்கு அண்டை கொடுத்துக்கொண்டாள். பயம் போய்விடவில்லை, பக்கத்திலேயே அதுவும் படுத்துக்கொண்டது. ஆனால் அவள் தூங்கினாள்.

நத்தை இப்போது நம்மிடம் பேசுவதில்லை. கல்தொட்டி போய்க் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. காளவாயும் முற்றமும் இல்லாத மாடி வீடுகளில் கூட அது வளர்கிறது. ஆனாலும் தெரிந்தவர்கள் தொட்டியை விளிம்புவரை நிரப்புவதில்லை. நாலு விரல் விட்டுத்தான் நிறுத்துகிறார்கள். ஓடு கரையாமல் இருக்க முட்டைத்தோட்டைப் பொடித்துத் தண்ணீரில் போடுகிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு நத்தை கண்ணாடியில் ஏறி, தண்ணீரை விட்டு வெளியே வந்து, குழலை நீட்டிக் காற்றை ஒரு முறை தொட்டுப் பார்க்கும். அது கேட்பது நமக்குக் கேட்காது. இருந்தாலும் பக்கத்தில் இருந்தால், “இருக்கு” என்று சொல்லுங்கள்.

காளவாய் வீட்டில் ஒருத்தி பயத்தில் தண்ணீர் ஊற்ற, இன்னொருத்தி பயத்தில் மேலே ஏறிய அந்தப் பகல் தொட்டுத்தான், நத்தை வீட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறது. தண்ணீரிலேயே வாழ்ந்தாலும், தன் பிள்ளைகளைத் தண்ணீர் எட்டாத இடத்தில் வைக்கிறது.